அந்திக்குவா எழுத்தும் தமிழ்ப் பதிப்பும்: எர்லாங்கன் – நூரம்பெர்க் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

திருக்குறள் தமிழெழுத்தில் முதன்முதலாக அச்சேறியது 1812ஆம் ஆண்டு. அதற்கு 9 ஆண்டுகள் முன்னரே, 1803இல், தரங்கம்பாடி மறைப்பணியாளர் ஆகஸ்ட் பிரீட்ரிக் கேமரர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு நூரம்பெர்க் நகரில் வெளிவந்துவிட்டது. நூரம்பெர்க்கிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே உள்ள எர்லாங்கன் பல்கலைக்கழக நகரில், 1864 நவம்பர் 10ஆம் நாள் கார்ல் கிரவுல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறள் பதிப்பு, தமிழ் மூலம், எளிய தமிழ் உரை, இலத்தீன் மொழிபெயர்ப்பு, குறிப்பு, சொல்லடைவு ஆகிய அனைத்தும் கொண்ட நூலாக, அடுத்த ஆண்டில் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஜெர்மன் என்பாரின் பொறுப்பில் வெளியாயிற்று. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் தமிழாய்வாளர் அறிவர். மொழிபெயர்ப்பின் தரம், பரிமேலழகர் உரையோடு அதற்குள்ள உறவு, மறைப்பணியின் நோக்கம் ஆகியவை குறித்து எழுதப்பட்டவை ஏராளம். அந்நூல்கள் எந்த எழுத்தில் அச்சாயின என்ற வினாவை மட்டும் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அது அச்சுக்கூடத்தார் கவலை என்று விடப்பட்டது போலும்.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் அது அச்சுக்கூடத்தாருடைய கவலை மட்டும் ஆகாது. அங்கே இரண்டு எழுத்து மரபுகள் ஒரே பக்கத்தில் வாழ்ந்தன. ஜெர்மன் மொழி, கோடுகள் முறிந்து மடியும் பிராக்டூர் எழுத்தில் அச்சிடப்பட்டது. இலத்தீன், பிரெஞ்சு முதலிய பிற மொழிகள் உருண்ட அந்திக்குவாவில் அச்சிடப்பட்டன. ஒரே வாக்கியத்தின் நடுவில் ஓர் இலத்தீன் சொல் வந்தால் அச்சுக்கோப்பவர் அந்த ஒரு சொல்லுக்காக வேறு எழுத்துப்பெட்டிக்குக் கை நீட்ட வேண்டும். எந்தச் சொல் நம்முடையது, எது அயலது என்பதை வாசகன் பொருளறியுமுன்னே கண்ணால் அறிந்துகொள்வான். இத்தகைய சூழலில் ஒரு தமிழ் நூல் எந்த எழுத்தைத் துணையாகக் கொண்டு வந்தது என்பது அந்நூலுக்கு அளிக்கப்பட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறது. கிரவுலின் குறளை இவ்வகையில் வாசிப்பதும், அந்திக்குவா மரபின் இயல்பு தமிழ்ப் பதிப்புக்கு இன்று எவ்வளவு பயன்படும் என்று மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் எல்லை.

பிழையில் பிறந்த எழுத்து

அந்திக்குவா என்ற சொல்லுக்குப் 'பழையது' என்று பொருள். அப்பெயர் ஒரு பிழையின் நினைவுச்சின்னம். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாரன்ஸ் நகரில் போஜ்ஜோ பிராச்சோலினி, நிக்கோலோ நிக்கோலி முதலிய மானுடவாத அறிஞர்கள் மடாலயங்களில் உறங்கிய பழம்பிரதிகளைத் தேடி எடுத்துப் படியெடுத்தனர். அப்பிரதிகளின் தெளிந்த கையெழுத்தைப் பண்டை உரோமரின் எழுத்தென்று அவர்கள் கருதினர். உண்மையில் அது 9ஆம் நூற்றாண்டை ஒட்டிய கரோலிங்கியப் படியெழுத்து. சீசரோவின் எழுத்து என்று எண்ணி, அவருக்கு 800 ஆண்டுகளுக்குப் பிற்பட்ட துறவியரின் எழுத்தைப் பின்பற்றினார்கள். சிற்றெழுத்து அங்கிருந்தும் பேரெழுத்து உரோமக் கல்வெட்டுகளிலிருந்தும் வந்து ஒன்றாக இணைந்தன. 1470இல் வெனிஸ் நகரில் நிக்கொலா ஜென்சன் அதனை உலோகத்தில் வார்த்தார். 1490களில் ஆல்டஸ் மனூசியசுக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்து அதற்கு நிலைத்த வடிவம் தந்தது.

இவ்வெழுத்தின் குணம் முழுவதும் தட்டைமுனைப் பேனாவிலிருந்து பிறந்தது. பேனாவைச் சற்றே சாய்த்துப் பிடித்து எழுதுவதால் வட்ட எழுத்துகளின் மெலிந்த பகுதி நேர் மேலேயும் கீழேயும் அமையாமல் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். தடித்த கோட்டுக்கும் மெலிந்த கோட்டுக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் மிகையில்லை. கோட்டின் முனையில் உள்ள செரிப் என்னும் சிறு பாதம், ஒட்டவைத்த தகடுபோல் இராமல், தண்டிலிருந்து வளைந்து இறங்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொடோனி, டிடோ ஆகியோரின் எழுத்துகளில் இக்குணங்கள் மறைந்தன. வட்ட எழுத்துகளின் சாய்வு செங்குத்தாயிற்று, மெலிந்த கோடுகள் மயிரிழையாயின. ஜெர்மனியில் வால்பாம் வெட்டிய எழுத்து இப்புதுவகைக்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மன் அச்சுக்கூடங்களில் பரவலாக வழங்கிய அந்திக்குவா இப்புதுவகையே என்பதை மறக்கலாகாது. மானுடவாத வடிவத்தின் மீட்சி நூற்றாண்டின் இறுதியில், 1890இல் வில்லியம் மாரிஸ் ஜென்சனின் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு வெட்டுவித்த வடிவோடுதான் வலுப்பெற்றது. மரபின் பெயரும் பதவியும் கிரவுலின் காலத்தில் இருந்தன. அதன் கைவண்ணம் தூங்கிக்கொண்டிருந்தது.

தமிழாய்வுக்கு இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அந்திக்குவா, பதிப்பாசிரியர்கள் உண்டாக்கிய எழுத்து. சுவடி தேடுவோர், பாடம் ஒப்பிடுவோர், சிதைந்த வரியைச் சீர்செய்வோர் தம் வேலைக்கேற்ப அமைத்துக்கொண்ட கருவி அது. தமிழ் அச்செழுத்தும் ஓரளவு அப்படிப்பட்டதே. ஓலையில் புள்ளி இடுவது அரிது. குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகார வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டும் இன்றைய வடிவம் வீரமாமுனிவரின் திருத்தத்தால் வந்தது. மெய்யெழுத்தின் புள்ளி எல்லா இடத்திலும் தவறாமல் நிற்கத் தொடங்கியது அச்சில்தான். இன்று 'பழந்தமிழ் எழுத்து' என்ற பெயரில் புத்தக அட்டைகளில் வரும் வடிவங்கள் பலவும் போஜ்ஜோ செய்த பிழையின் தமிழ்ப் பதிப்புகளே. பிழையென்பதால் அவை பயனற்றவை என்று ஆகிவிடாது.

1854 – 1865

தமிழும் இலத்தீனும் ஜெர்மன் மண்ணில் ஒரே நூலில் சந்தித்தது கிரவுலுக்கு நெடுங்காலம் முன்பே. சீகன்பால்குவின் இலத்தீன் வழித் தமிழிலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. ஹாலேயில் வார்த்த தமிழெழுத்துகள் பெரியவை. தாள் தட்டுப்பாடு மிக்க தரங்கம்பாடியில் அவற்றால் விவிலியத்தை அச்சிடுதல் கட்டுப்படியாகாது என்று கண்டு சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டனர். இன்னும் பின்னோக்கினால், 1554இல் லிஸ்பனில் வெளியான சிறுநூலில் தமிழ்மொழி அச்சேறியதே இலத்தீன் அகரவரிசையில்தான். ஆகவே இலத்தீன் எழுத்தோடு தமிழுக்கு உள்ள உறவு, தமிழெழுத்தின் அச்சு வரலாற்றைக் காட்டிலும் பழையது.

கிரவுலின் 'பிப்லியோத்தேக்கா தமூலிக்கா' வரிசையின் முதல் தொகுதி 1854இல் லைப்சிக்கில் வந்தது. வேதாந்தத்தை விளக்கும் தமிழ் நூல்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அது. மறு ஆண்டில் தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம், தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சுருக்கமான தமிழிலக்கணத்தோடும் வெளியாயிற்று. மூன்றாவது தொகுதி 1856இன் ஜெர்மன் குறள். நான்காவது, மறைவுக்குப் பின் வந்த இலத்தீன் குறள்.

அதே 1854ஆம் ஆண்டு, அதே லைப்சிக்கில், கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் அகராதியின் முதல் தொகுதியும் வந்தது. ஜெர்மன் மொழியின் மாபெரும் கருவூலம் என்று எதிர்பார்க்கப்பட்ட அந்நூல் அந்திக்குவாவில் அச்சிடப்பட்டிருந்தது. பிராக்டூர் வடிவம் ஜெர்மானியரின் தனிச்சொத்து என்ற எண்ணத்தை யாக்கோப் கிரிம் தம் முன்னுரையில் மறுத்தார். அது ஐரோப்பா முழுவதும் வழங்கிய எழுத்தின் சிதைந்த வடிவம் என்பது அவர் முடிவு. கிரவுல் கிரிம்மைப் பின்பற்றினார் என்று சொல்லுவதற்கில்லை. ஆனால் ஒப்பியல் மொழியியலின் எழுத்து அந்திக்குவா என்ற கருத்து அந்நகரின் அச்சுக்கூடங்களில் நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு மொழியின் நூலை அவ்வெழுத்தின் துணையோடு வெளியிடுவது, அம்மொழியைக் கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் அமர்ந்திருந்த வரிசையில் அமர்த்துவதாகும்.

இங்கேதான் 1865ஆம் ஆண்டுத் தொகுதியின் துணிவும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. அதில் தமிழ் மூலம் அடிக்குறிப்பில் ஒடுங்கவில்லை. சாய்வெழுத்தில் நின்று தன்னை அயலானாக அறிவித்துக்கொள்ளவும் இல்லை. அது தன் எழுத்தில், தன் இடத்தில், மூலநூலாக நிற்கிறது. இலத்தீன் அதற்கு ஏவல் செய்கிறது. ஐரோப்பியர் வெர்ஜிலுக்கும் செனெக்காவுக்கும் செய்த பதிப்பு மரியாதை வள்ளுவருக்கும் கிடைத்தது. போப்பின் 1886ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்புக்கு 21 ஆண்டுகள் முன்னர் இது நிகழ்ந்தது என்பதைத் தமிழுலகம் போதிய அளவு நினைவிற் கொள்ளவில்லை.

குறையும் அவ்வளவு வெளிப்படையானது. 1865இல் இலத்தீன் அறிந்தோர் ஜெர்மனியில் இருந்தனர். இலத்தீனில் ஒரு நீதிநூலை விரும்பி வாசிப்போர் அருகியிருந்தனர். தொகுதியின் தலைப்புப் பக்கமே இத்தயக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. வரிசையின் பெயர் இலத்தீன், நூலின் விளக்கம் ஆங்கிலம், பதிப்பாசிரியரோ ஜெர்மானியர். எந்த வாசகனை நோக்கிப் பேசுகிறது என்று அந்நூலுக்கே ஐயம். மதிப்பளிக்கும் எழுத்து, வாசகனைத் தொலைவில் நிறுத்தும் எழுத்தாகவும் ஆயிற்று. மானுடவாதத்தின் உடை தரித்தவரெல்லாம் மானுடவாதிகளும் அல்லர். லைப்சிக் மறைப்பணிச் சங்கம் சாதியைச் சமூக வழக்கென்று கொண்டு சபைக்குள் பொறுத்துக்கொண்டதையும், அந்நிலைப்பாட்டின் முதன்மையான வழக்குரைஞர் கிரவுல் என்பதையும், குறளைப் பதிப்பித்த அவருடைய புகழோடு சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

எர்லாங்கனின் பங்கு

லைப்சிக் பொறுப்பிலிருந்து விலகிய பின் கிரவுல் எர்லாங்கனில் குடியேறினார். 1864இல் அப்பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் தகுதிக்காக அவர் ஆற்றிய உரை, பல்கலைக்கழக அறிவுத்துறைகளிடையே மறைப்பணியியலுக்குரிய இடத்தைப் பற்றியது. 1826 முதல் 1841 வரை கீழைமொழிப் பேராசிரியராக பிரீட்ரிக் ரூக்கெர்ட் வீற்றிருந்த பல்கலைக்கழகம் அது. தொலைமொழிகளைத் தம் மொழிக்குள் கொணரும் பழக்கம் அங்குப் புதிதன்று. சில மாதங்களிலேயே கிரவுல் மறைந்துவிட்டமையால் எர்லாங்கனில் தமிழ் வேரூன்றவில்லை.

வேரூன்றியது வேறொன்று. ஜெர்மன் எழுதிய ஃபப்ரீசியசின் வாழ்க்கை வரலாறு 1865இலும், சீகன்பால்கு – புளூட்சோ வரலாறு 1868இலும், சுவார்ட்ஸ் வரலாறு 1870இலும் எர்லாங்கனில் அந்திரேயாஸ் டைகெர்ட் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டன. 1713இல் எழுதி முடிக்கப்பட்டும் ஹாலேயில் அச்சேற்றப்படாது கிடந்த சீகன்பால்குவின் தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை, ஜெர்மன் 1867இல் சென்னையிலிருந்து வெளிக்கொணர்ந்தார். ஆக, குறள் மூலம் அறிஞருக்காக லைப்சிக்கில் இலத்தீனோடும், தரங்கம்பாடியின் கதை விசுவாசிகளுக்காக எர்லாங்கனில் ஜெர்மனிலும் என்று ஒரு பங்கீடு தானே அமைந்துவிட்டது. ஜெர்மன் உரைநடையைப் பிராக்டூரில் அச்சிட்ட அக்கால வழக்கை இதனோடு வைத்துப் பார்த்தால் பங்கீட்டின் பொருள் புலனாகும். வள்ளுவர் உலகப் பொதுவின் எழுத்துக்கு அருகில் வைக்கப்பட்டார். தமிழ்க் கிறித்தவர்களும் உபதேசியார்களும் வீட்டெழுத்தில், வீட்டுக் கதையின் துணைப்பாத்திரங்களாக வந்தனர்.

இந்த எழுத்துப் பிளவின் முடிவு அறிவுபூர்வமாக வரவில்லை. 1911இல் ஜெர்மன் நாடாளுமன்றம் வரை சென்ற வழக்கு தீராமல் நின்றது. 1941 ஜனவரி 3ஆம் நாள் போர்மன் கையொப்பமிட்ட சுற்றறிக்கை, கோதிக் எழுத்தை யூதர் எழுத்தென்று புளுகி, அந்திக்குவாவை நாட்டின் பொது எழுத்தாக்கிற்று. அந்தச் சுற்றறிக்கையின் முகப்பே பழைய எழுத்தில் அச்சிட்டிருந்தது என்பதைக் கண்டு நகைக்கலாம். ஆனால் எந்த எழுத்துக்கும் தூய கொடிவழி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போருக்குப் பின் மானுடவாத எழுத்துக்கு ஜெர்மனி அளித்த மிகச் சிறந்த வடிவம் நூரம்பெர்க்கில் பிறந்தவரிடமிருந்து வந்தது. ஹெர்மன் ட்ஸாப் 1918இல் அங்குப் பிறந்து, ருடால்ஃப் கோக், எட்வர்ட் ஜான்ஸ்டன் ஆகியோரின் நூல்களைக் கொண்டு தாமே எழுத்துக்கலை பயின்றவர். அவர் முதலில் வரைந்த அச்செழுத்து ஒரு பிராக்டூர். உலகறிந்தது, 1950ஆம் ஆண்டளவில் பிராங்க்பர்ட்டின் ஸ்டெம்பெல் வார்ப்பகம் வெளியிட்ட பலட்டீனோ. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாசான் ஒருவரின் பெயரை அது தாங்கினாலும் எந்தப் பழைய வடிவத்தின் நகலும் அன்று. அகன்ற உடல், திறந்த உள்வெளி, பேனா இழுத்த தடம் மறையாத முனைகள். போருக்குப் பிந்தைய மட்டமான தாளிலும் மை பரவி அழியாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அதன் கோடுகள் வலுவாக அமைந்தன. மட்டமான தாளில் அச்சிடும் நிலை தமிழ்ப் பதிப்புலகுக்குப் புதிதல்லாமையால் இக்குணம் நம் கவனத்துக்குரியது.

மணமும் மனமும்

தமிழாய்வுக் கட்டுரைகளில் மானுடவாத எழுத்து இன்று செய்யும் முதன்மையான வேலை ஒலிபெயர்ப்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கையாண்ட முறையே பெரும்பாலும் வழக்கில் உள்ளது. அம்முறையின் பாரம் எழுத்தின் அடியில் இறங்குகிறது. லகரத்துக்கு வெற்றெழுத்து, ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, ழகரத்துக்குக் கீழ்க்கோடு. ணகரத்துக்குப் புள்ளி, னகரத்துக்குக் கோடு. மணத்தையும் மனத்தையும் பிரிப்பது ஒரு புள்ளிக்கும் ஒரு சிறு கோட்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. கலி, களி, கழி மூன்றும் அவ்வாறே. அகநானூறு என்ற ஒரே சொல்லுக்கு மேலே இரண்டு நெடிற்கோடுகள், கீழே இரண்டு கோடுகள், ஆக நான்கு குறிகள்.

மயிரிழைக் கோடுகள் கொண்ட எழுத்தில் இக்குறிகளும் மயிரிழையாகவே வரையப்படும். படியெடுக்கும் பொறியில் ஒருமுறை சென்று வந்தால் புள்ளியும் கோடும் ஒன்றாகித் தேய்ந்துவிடும். மானுடவாத வடிவில் மெலிந்த கோட்டுக்கும் உடம்பு உண்டு. அதே தடிப்பில் அமைந்த கீழ்க்குறி கண்ணுக்கு நிலைத்து நிற்கிறது. இம்மரபின் சிற்றெழுத்து பொதுவாக உயரம் குறைந்தது, ஏறு கோடுகளும் இறங்கு கோடுகளும் நீண்டவை. ஆகவே வரிக்கு மேலும் கீழும் இயல்பாகவே வெளி கிடைக்கிறது. விக்டர் கால்ட்னி வடிவமைத்த ஜென்டியம் இவ்வகையில் மிகவும் பயனுடையது. குறிகளைப் பின்னால் ஒட்டாமல் எழுத்தோடு சேர்த்தே எண்ணி வரைந்தது, கட்டணமின்றிக் கிடைப்பது. அதன் பெயர் 'மக்களினங்களுடைய' என்று பொருள்படும் இலத்தீன் சொல். கிறித்தவ இலத்தீனில் அச்சொல் புறவினத்தாரையும் குறிக்கும். எர்லாங்கனில் மறைப்பணியியல் உரை நிகழ்த்தியவர் இரண்டு பொருளையும் உடனே கண்டிருப்பார்.

ஆனால் மானுடவாத மரபைத் தமிழெழுத்தின்மீதே ஏற்றும் முயற்சிகள் பெரும்பாலும் ஏமாற்றமளிக்கின்றன. எழுத்தாணி ஓலையில் கீறும்போது தடிப்பு மெலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடு முழுவதும் ஒரே கனம். அச்சு வார்ப்பில் பின்னர் வந்த தடிப்பு வேறுபாடு தமிழ் வளைவுகளின் போக்கை ஒட்டி அமைந்தால் அழகு. இலத்தீன் செரிப்பை ஒத்த பாதங்களைக் ககரத்துக்கும் தகரத்துக்கும் பூட்டினால் நொண்டுகிறது. இதைவிடக் கேடு சாய்வெழுத்து. இத்தாலிய விரைவெழுத்திலிருந்து பிறந்து, 1501இல் ஆல்டசின் வெர்ஜில் பதிப்பில் முழுநூலுக்கு ஏறிய தனி வடிவம் அது. தமிழில் அத்தகைய ஒன்று வளரவே இல்லை. நூற்பெயரைச் சாய்த்து அடிக்கும் இன்றைய கணினிப் பழக்கத்தில் எழுத்து காற்றில் சாய்ந்த வேலியாகிவிடுகிறது. நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் போதும்.

ஐரோப்பிய மொழிக் கட்டுரைகளில் தமிழ்ச் சொற்களை மட்டும் சாய்த்து அச்சிடும் வழக்கும் மறுபரிசீலனைக்குரியது. பிராக்டூர் பக்கத்தில் அந்திக்குவாச் சொல் செய்த வேலையை இது செய்கிறது: இது எங்கள் சொல் அன்று என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறது. திணை, மெய்ப்பாடு, உள்ளுறை ஆகியவை ஒரு கட்டுரையின் அடிப்படைக் கருத்துகளாக இருக்கும்போது அவற்றை முதல்முறை சாய்த்து விளக்கிய பின் நேரெழுத்தில் விடுவதே முறை. 1865இன் இலத்தீன் குறளில் தமிழுக்குக் கிடைத்த நேரான இருக்கையை அதற்குப் பின்வந்த ஆய்வுலகம் பலவேளை பறித்துக்கொண்டது.

ஆராய்ச்சி நூலகங்களுக்கு இதில் உடனடி வேலை ஒன்று உள்ளது. பிராக்டூரில் அச்சிட்ட ஜெர்மன் நூல்களைப் பொறி வாசித்துத் தேடற்பனுவலாக்கும்போது நீள் சகரம் பகர ஒலிக்குரிய எழுத்தாக மாறிப் பதிவாவது வழக்கமான பிழை. ஜெர்மன் சொற்களை அகராதி கொண்டு திருத்தலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டலில் உள்ள தமிழ் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் எந்த அகராதியும் திருத்தாது. கிரவுலின் தலைப்புப் பக்கமே வள்ளுவர் பெயரின் ஈற்றசையை எகரம் இட்டு எழுதுகிறது, கைவல்லியத்தின் யகரத்துக்கு ஜெர்மன் வழக்கில் ஜகர எழுத்தை இடுகிறது. இவ்வடிவங்களையெல்லாம் இன்றைய வடிவத்தோடு இணைக்கும் பெயரடைவு ஒன்று, எர்லாங்கனில் டைகெர்ட் வெளியிட்ட மூன்று வரலாறுகளில் தொடங்கிக் கையால்தான் செய்யப்பட வேண்டும். அதைச் செய்பவர் பிராக்டூரும் தமிழும் இரண்டும் வாசிக்க வல்லவராக இருத்தல் வேண்டும்.